நிதானம் சுவரேறிய ஊர்

வேப்பங்காட்டுப்புதூர்க்காரர்களின் நிதானம் அவரவர் தலையிலிருந்து இறங்கி, சுவரேறி, பல்லிகளுக்குள் குடிபோன அந்த வெள்ளிக்கிழமை காலையில், துளசிமணி தன் வீட்டுச் சமையலறையில் ஏற்கெனவே மூடிய கேஸ் சிலிண்டரை மறுபடியும் மூடிக்கொண்டிருந்தாள். மூடியதை மூடுவதும், பூட்டியதைப் பூட்டுவதும், அணைத்த விளக்கை ஒருமுறை போட்டுப் பார்த்து அணைந்துதான் இருந்தது என்று உறுதி செய்துகொள்வதும் அவளுக்குப் பழக்கம் என்பதால், ஊரே தலைகீழாகப் போன செய்தி அவள் வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

காங்கேயத்துக்குத் தெற்கே, தேங்காய்ப் பருப்புக் களங்களுக்கு நடுவில் கிடக்கும் அந்த ஊரில், பல்லியைக் கேட்காமல் யாரும் எதையும் செய்ததில்லை. கிணறு வெட்டுவது, மாடு வாங்குவது, பெண் பார்க்கப் போவது, பார்த்துவிட்டு வந்து பிடிக்கவில்லை என்று சொல்லி அனுப்புவது, எல்லாவற்றுக்கும் முன்னால் வாசலில் ஒரு கணம் நின்று காதைத் தீட்டிக்கொள்வார்கள். கிழக்குச் சுவரில் சொன்னால் நல்லது, வடக்கில் சொன்னால் வரவு, தெற்கில் சொன்னால் ஆகவே ஆகாது என்று தினசரிக் காலண்டரின் பின்பக்கத்தில் அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். படித்தவர்கள் இதையெல்லாம் நம்புவதில்லை; நம்பாமல்தான் அவர்களும் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். தலைமுறை தலைமுறையாகத் தாங்கள் செய்ய வேண்டிய யோசனையைப் பல்லியின் தலையில் கட்டிவந்த ஊரில், ஒருநாள் யோசனையே மூட்டை முடிச்சோடு அங்கே போய்ச் சேர்ந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. யாரும் ஆச்சரியப்பட மெனக்கெடவும் இல்லை.

துளசிமணிக்கும் பல்லிக்கும் உள்ள கணக்கு அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தையது. அவளுக்கு ஒரே பெண், பிரவீணா. தாராபுரத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் எட்வின் என்ற பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அந்தப் பெண் வீட்டில் வந்து சொன்னபோது, சாதியும் வேறு சாமியும் வேறு என்று கேட்ட மாத்திரத்தில், அவள் அப்பா நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இனி இந்த வூட்டு நடையில அவ கால் படக்கூடாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தன் தேங்காய்ப் பருப்பு மண்டிக்குப் போய்விட்டார். பிரவீணா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவிடம் வந்து நின்று, "நீ ஒரு வார்த்த சரின்னு சொல்லும்மா, அப்பாவ நான் பாத்துக்கறேன்" என்றாள். சரி என்ற அந்த வார்த்தை துளசிமணியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அது சத்தியம். ஆனால் பழக்க தோஷம், அண்ணாந்து பார்த்தாள். தெற்குச் சுவரில், கடிகாரத்துக்குப் பின்னால் குடியிருக்கும் கொழுத்த பல்லி வெளியே தலையை நீட்டி, நிறுத்தி நிதானமாகச் சொன்னது.

"பல்லி சொல்லிப்போடுச்சு கண்ணு" என்றாள் துளசிமணி.

"உனக்குப் பொண்ணு நானா, அந்தப் பல்லியா?" என்று கேட்டாள் பிரவீணா. அம்மா பதில் சொல்வாள் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு ஒரு பையோடு கிளம்பிப் போனாள். அன்றிலிருந்துதான் துளசிமணியின் பூட்டும் பழக்கம் அதிகமானது. காக்க வேண்டிய ஒன்றைக் கோட்டைவிட்ட பெண், காக்க வேண்டாத எல்லாவற்றையும் இழுத்து இழுத்துப் பூட்டினாள்.

அந்த வெள்ளிக்கிழமை, இடி இடித்தும் மழை பெய்யாத ஒரு விடியலுக்குப் பிறகு, ஊரில் நடந்தது இதுதான்: ஒரு மனிதனுக்கு ஆசை வருவதற்கும் அவன் கை நீளுவதற்கும் நடுவில் 'பொறு' என்று ஒரு குரல் உள்ளே எழும்புமல்லவா, அது எழும்பவில்லை. அவன் எந்தச் சுவருக்குக் கீழே நிற்கிறானோ அந்தச் சுவரின் பல்லி சொன்னால் அவன் நின்றான், சொல்லாவிட்டால் நிற்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். புதிதாகப் பெயிண்ட் அடித்து, மருந்து தெளித்து, ஒரு பூச்சிகூட இல்லாமல் பளபளவென்று வைத்திருந்த வீடுகளில், நினைத்ததெல்லாம் நினைத்த மாத்திரத்தில் நடந்தது. பைனான்ஸ்காரர் ஒருவர் காப்பி ஆறியிருந்த கோபத்தில் டம்ளரை எறிந்தார், எறிந்தது பிடித்துப்போகவே பாத்திர அலமாரி முழுவதையும் எறிந்து முடித்தார். அவர் மனைவி, கல்யாணமான நாளிலிருந்து சொல்ல நினைத்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். அது முடிய மத்தியானம் ஆயிற்று. பழைய ஓட்டு வீடுகளிலோ கதை நேர்மாறு. ஓட்டுக்கு ஓடு பல்லி. உத்தரத்தில் பல்லி, படத்துக்குப் பின்னால் பல்லி, ஒன்று சொன்னால் ஒன்பது கூடச் சொல்லும் என்பதால், அங்கே கையில் எடுத்த சோற்று உருண்டையை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல், மறுபடி கையைக் கழுவி, மறுபடி பிசைந்து, மறுபடி நிறுத்தி, மனிதர்கள் பசியிலேயே கிடந்தார்கள்.

செய்தி கேட்டுக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு நரம்பு டாக்டர் வந்தார். ஊர்க்காரர்கள் சிலரை வேனில் ஏற்றிக்கொண்டு போய்த் தலையைப் படம்பிடித்து, அந்தப் படங்களோடு திரும்பிவந்து, மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம் போட்டு விளக்கினார். மூளையின் அடியாழத்தில் ஆசை ஊறுகிற இடம் ஒன்று இருக்கிறதாம், நெற்றிப் பக்கத்தில் அதை அடக்கி ஆளுகிற இடம் ஒன்று இருக்கிறதாம், இரண்டுக்கும் நடுவே வயர் மாதிரி ஒரு தொடர்பு இருக்கிறதாம். அந்தத் தொடர்பு தளர்ந்தால் மனிதன் நினைத்ததைச் செய்துவிடுவான், அது முறுக்கிக்கொண்டால் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பான். "உங்க ஊர்க்காரங்களுக்கு அந்தத் தொடர்பையே காணோம். எங்க போச்சுன்னுதான் தெரியல" என்றார்.

"இப்பெல்லாம் எல்லாமே வயரில்லாமத்தானுங்களே வருது டாக்டர்" என்றார் கோயில் தர்மகர்த்தா. கூட்டம் ஆமோதித்தது. டாக்டர் இன்னும் ஆராய வேண்டும் என்று பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் புதிதாகத் திறந்த லாட்ஜில் தங்கினார். லாட்ஜில் ஒரு பல்லி கிடையாது. மறுவாரமே வேலையை ராஜினாமா செய்து, ஊருக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, தலையில் முண்டாசோடு இளநீர் சீவிக்கொண்டிருந்தார். கேட்டால், சின்ன வயதிலிருந்தே இதுதான் ஆசை என்றார். விஞ்ஞானம் அத்தோடு முடிந்தது.

ஊர் தன் வழக்கப்படி சீக்கிரமே சமாளித்துக்கொண்டது. பல்லியை அடிப்பது குற்றம் என்று பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் போட்ட கூடத்தில் பல்லி இல்லாததால் அதோடு நில்லாமல், ஊருக்கு ஒரு விமான நிலையம் வேண்டும் என்றும் சேர்த்துப் போட்டார்கள். நகைக்கடைக்காரர் ராத்திரியோடு ராத்திரியாகத் தன் கடைப் பல்லிகளை எல்லாம் துரத்திவிட்டார், வந்தவர்கள் விலை கேட்காமல் வாங்கினார்கள். கடன் கொடுக்கும் சங்கத்தில் அந்தப் பல்லிகளைப் பிடித்துவந்து கடன் பிரிவில் விட்டார்கள், கேட்டவர்களுக்குக் கிடைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். அரசாங்க அலுவலகங்களில் பல்லிகள் ஆதிமுதல் இருந்தன, அங்கே எந்த மாற்றமும் யார் கண்ணிலும் படவில்லை. கட்சிக் கூட்டங்கள் திறந்த மைதானத்தில் நடந்தன, சுவரும் இல்லை பல்லியும் இல்லை, எது சொன்னாலும் ஜனங்கள் கை தட்டினார்கள். அது முன்னாலும் அப்படித்தான். ஜாதகம் பார்க்கும் வீடுகளில் பையன் என்ன படித்திருக்கிறான் என்று கேட்பதை விட்டுவிட்டு, வீட்டில் பல்லி அளவாக இருக்கிறதா என்று கேட்டார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதில்லை, விட்டத்தைப் பார்த்தார்கள்.

இப்படி ஊரே அவரவர் வசதிக்குப் பல்லியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டபோது, துளசிமணியின் வீட்டில் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை. அது நாச்சிமுத்துவின் தாத்தா கட்டிய வில்லை ஓட்டு வீடு. அங்கிருந்த பல்லிகளுக்கெல்லாம் தலைவர் தெற்குச் சுவர்க் கடிகாரத்துப் பல்லி. அது சொன்னால் உத்தரத்தில் சொல்லும், உத்தரத்தில் சொன்னால் தாழ்வாரத்தில் சொல்லும், தாழ்வாரத்தில் சொன்னால் வாசல் கதவின் நிலைக்கு மேலே ஒரு குட்டிப்பல்லி, தனக்கும் பேச்சு வந்துவிட்ட பெருமையில், எல்லாருக்கும் கடைசியாக ஒரு தடவை சொல்லும். அந்தக் குட்டிப்பல்லியைத் தாண்டி துளசிமணியால் வாசலை விட்டு இறங்க முடியவில்லை. பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்ப்பாள், சாவியை இடுப்பில் செருகுவாள், ஓர் அடி வைப்பாள், பல்லி சொல்லும், அடுப்பை அணைத்தோமா என்று வந்துவிடும், திறந்து உள்ளே போவாள். அடுப்பு அணைந்திருக்கும். மோட்டார் நின்றிருக்கும். குழாய் மூடியிருக்கும். மறுபடி பூட்டைப் பிடித்துத் தொங்குவாள். தொங்கித் தொங்கியே அந்தப் பூட்டின் வளையம் நீண்டுவிட்டது என்று தெருவில் கேலி பேசினார்கள்.

போக வேண்டிய இடம் இல்லாதவளாக இருந்தால் இதெல்லாம் ஒரு குறையே இல்லை. பிரவீணாவுக்கு ஏழு மாதம் என்ற செய்தி வந்துவிட்டது. எதிர்வீட்டு மயிலாத்தாள்தான் சொன்னாள். அவளுடைய நாத்தனார் வாழ்க்கைப்பட்டிருப்பது தாராபுரத்தில், பிரவீணா குடியிருக்கும் அதே தெருவில். "மாப்பிள்ள வூட்டாருகளே வளைகாப்பு வெக்கறாங்களாமுங்க. அம்மா வூட்டு ஆளுக ஆரும் இல்லாம புள்ள எப்பிடி ஒக்காருமுங்க்கா" என்றாள். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைக் கூட்டிவந்து, பக்கத்தில் இருந்து, வெந்நீர் வைத்து ஊற்ற வேண்டிய தாய், அதைக் கேட்டுவிட்டு உள்ளே போய் பீரோவைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள், திறந்து மூடினாள்.

வளைகாப்பு அன்று காலையில் அவள் குளித்து, பச்சைப் பட்டு உடுத்தி, கண்ணாடி வளையல்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். நாச்சிமுத்து மண்டிக்குப் போயிருந்தார், தடுக்க ஆளில்லை. டவுன் பஸ் வந்து அவள் வீட்டுக்கு எதிரிலேயே நின்றது. துளசிமணி பூட்டினாள், பல்லி சொன்னது, திறந்தாள். பூட்டினாள், பல்லி சொன்னது, திறந்தாள்.

"அக்கா, வர்றீங்களா இல்லீங்களா? வண்டி கெளம்போணுமுங்க!" என்று கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார்.

"இந்தா வந்துட்டனுங்க தம்பி, அடுப்ப மட்டும் ஒருக்காப் பாத்துட்டு..."

"இப்பத்தானுங்களே பாத்தீங்க!"

பஸ்ஸில் இருந்த ஜனம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. ஒருவர் சிரித்தார். ஒரு பெண் உச்சுக் கொட்டினாள், அது பல்லி சத்தம்போல் காதில் விழவே துளசிமணி இன்னொரு தடவை திறந்தாள். டிரைவர் நல்ல மனுஷன், ஹாரன் அடித்து அடித்துப் பார்த்தார், பிறகு வண்டியை எடுத்துவிட்டார். துளசிமணி பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்து அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, பையிலிருந்த வளையல்களைத் தடவிக்கொண்டே அழுதாள். அழும்போதும் நடுவில் எழுந்து ஒருதரம் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து அழுதாள்.

மறுநாள் காலையில் மயிலாத்தாள் ஓடிவந்தாள். அவள் வீடு போன தைக்குத்தான் வெள்ளையடித்தது, அங்கே பல்லி இல்லை. ஆகவே மயிலாத்தாளின் வாயில் எந்த ரகசியமும் வாசல்வரைகூடத் தாங்குவதில்லை.

"ஏனுங்க்கா, உங்கூட்டுக்காரரு நேத்து தாராபுரத்துல அழுத அழுகைய நீங்க பாத்திருக்கோணுமே!"

"ஆரு? எங்கூட்டுக்காரரா?"

"வேற ஆரு? மாதா கோயில் மண்டபத்துல வளைகாப்புங்க. காருல வந்து எறங்கி, நேரா மேடையேறி, பொம்பளைக ஆரும் தொடறதுக்கு முன்னால மொத வளையல இவரே எடுத்துப் புள்ள கையில போட்டுப்போட்டாருங்களாம். ஆம்பள வளையல் போடுற வளைகாப்ப நாம எங்கீங்க கண்டோம்! போட்டுப்போட்டு, 'அப்பனை மன்னிச்சுக்க சாமி'ன்னு புள்ள காலடியில ஒக்காந்துட்டாராம். நாத்தனா சொல்லிச் சொல்லி மாயறா. அது மட்டுமில்லீங்க, இவரு வாராவாரம் அங்க போய் மீன் கொழம்பு சாப்புடறாராமா!"

துளசிமணிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நாச்சிமுத்துவின் மண்டியில் அவர் உட்காரும் அறை ஏ.சி. போட்ட கண்ணாடி அறை. மாதம் ஒரு ஆள் வந்து மருந்து அடித்துவிட்டுப் போவான். அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போது மகள் நினைப்பு வந்தால், 'பொறு' என்று சொல்ல அங்கே ஒரு ஜீவன் கிடையாது. எழுந்து காரை எடுத்துவிடுவார். பார்த்து, அழுது, தின்றுவிட்டு, சாயங்காலம் வீடு வந்து ஓட்டுக்கூரைக்குக் கீழே கால் வைத்த நொடியில், பல்லிகள் எல்லாம் ஒருசேரச் சொல்லும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பழைய நாச்சிமுத்து ஆகிவிடுவார்.

அன்று சாயங்காலம் அவருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, பொண்ணு எப்பிடி இருக்கறா?"

நாச்சிமுத்துவின் கை சோற்றில் அப்படியே நின்றது. அவர் முகம் ஒரு கணம் இளகி, உதடு பிரிந்து, "முகத்துல..." என்று ஏதோ சொல்ல வந்தார். முகத்தில் களை வந்திருக்கிறது என்று சொல்ல வந்தாரா, முகம் வெளிறிக் கிடக்கிறது என்று சொல்ல வந்தாரா, அது துளசிமணிக்குக் கடைசிவரை தெரியாது. கடிகாரத்துப் பின்னாலிருந்து தெற்குச் சுவர் சொன்னது, உத்தரம் சொன்னது, தாழ்வாரம் சொன்னது, நிலைக்கு மேலே குட்டியும் சொன்னது.

"ஆரு பொண்ணு? எனக்கு ஏது பொண்ணு? ரசத்த ஊத்து" என்றார் நாச்சிமுத்து.

அவள் ரசத்தை ஊற்றினாள். உள்ளே பற்றி எரிந்தது. சாபம் விட்ட மனிதன் வாராவாரம் போய் வயிறாரத் தின்றுவிட்டு வருகிறான். ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் போனதற்காக ராத்திரியெல்லாம் புரண்ட தாய், பூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவர் யோசிக்காமல் செய்தால் ஊர் அதைப் பாசம் என்கிறது, அவள் யோசித்து யோசித்துச் செத்தால் அதற்குப் பெயர் கிறுக்கு. அவர் போகும்போது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, காரிலே ஏறு என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் ஏறு என்று அவர் நினைப்பது மண்டியில், அவள் இருப்பது வீட்டில், நடுவே பல்லி.

மறுநாள் அவர் மண்டிக்குப் போனதும் துளசிமணி சீமாற்றை எடுத்துக்கொண்டு தெற்குச் சுவருக்கு முன்னால் வந்து நின்றாள். பஞ்சாயத்துத் தீர்மானம் அவளுக்கும் தெரியும்.

"வெளிய வா" என்றாள்.

கொழுத்த பல்லி கடிகாரத்துப் பின்னாலிருந்து தலையை நீட்டியது. அடிக்க நினைத்தால் அது சொல்லும், சொன்னால் அவள் கை நின்றுவிடும். அது தெரிந்துதான் அது அத்தனை தெனாவெட்டாகப் பார்த்தது. ஆகவே துளசிமணி அடிக்கவில்லை, பேசினாள்.

"அன்னைக்கு நான் உன்னையக் கேட்டனா? அண்ணாந்து பாத்தது என் தப்பு. ஆனா கேட்டனா? என்ற பொண்ணு எங்கிட்டக் கேட்டா, நான் உன்ற மூஞ்சியப் பாத்தேன், நீ பெருசா ரோசனை பண்ணுன மாதர வாயத் தொறந்துபோட்டே. நீ எதுக்குக் கத்துனே? பூச்சி பாத்துக் கத்துனியா, பொண்டாட்டியத் தேடிக் கத்துனியா? அதுக்கு ஒரு அர்த்தம் வெச்சு நான் என்ற பொண்ணத் தொலைச்சுப்போட்டேன்!"

அப்படிக் கத்தியவள் பேச்சு வேகத்தில் சீமாற்றை வீசினாள். அடிக்க வேண்டும் என்று நினைத்து வீசவில்லை, நினைக்காமல் வீசினாள், அதனால்தான் பல்லிக்குச் சொல்ல அவகாசம் கிடைக்கவில்லை. சீமாறு கடிகாரத்தில் பட்டது, கடிகாரம் கீழே விழுந்தது, பல்லி வாலை அறுத்துப் போட்டுவிட்டு உத்தரத்தின் இடுக்குக்குள் ஓடி மறைந்தது. வால் தரையில் கிடந்து துடித்தது. வீடு அமைதியாக இருந்தது. தலைவர் வாயைத் திறக்கவில்லை, ஆகவே உத்தரம் சொல்லவில்லை, தாழ்வாரம் சொல்லவில்லை, நிலைக்கு மேலே இருந்த குட்டி எல்லாரும் சொல்லிமுடிக்கட்டும் என்று காத்துக்கொண்டே இருந்தது.

துளசிமணி வாலைப் பார்த்தாள். அது துடித்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு, வீட்டில் உடுத்தியிருந்த நூல்புடவையோடு வாசலைத் தாண்டிவிட்டாள். கதவு விரியத் திறந்து கிடந்தது.

"அக்கா! கதவு தொறந்து கெடக்குதுங்க!" என்று எதிர்வீட்டிலிருந்து மயிலாத்தாள் கூவினாள்.

"கெடக்கட்டும்" என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினாள்.

ஓடுகிற பஸ்ஸில் பல்லி கிடையாது. வாழ்நாளில் முதன்முறையாக 'பொறு' என்று சொல்ல யாருமில்லாத துளசிமணி, ஜன்னலோரம் உட்கார்ந்து நினைத்ததை எல்லாம் செய்தாள். பக்கத்தில் இருந்த பெண்ணிடம், உன் மூக்குத்தி அழகு, மூக்குதான் சரியில்லை என்றாள். பூக்காரியிடம் கூடையிலிருந்த மல்லிகை முழுவதையும் வாங்கி பஸ்ஸில் இருந்த பெண்களுக்கெல்லாம் கிள்ளிக் கொடுத்தாள். டிரைவரைப் பார்த்து, நேற்று முன்தினம் எனக்காக நின்றாயே, நீ நன்றாயிருப்பாய் என்று சத்தமாக ஆசீர்வாதம் செய்தாள். அமராவதிப் பாலம் வந்தபோது எழுந்து நின்று பாடவே ஆரம்பித்துவிட்டாள், பாட்டு பாதியில் மறந்துபோகவே உட்கார்ந்தாள். நடுநடுவே அவள் கை இடுப்புக்குப் போய்ச் சாவியைத் தேடியது. சாவி இல்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தாராபுரத்தில் வழி கேட்டுக் கேட்டு அந்த வீட்டைக் கண்டுபிடித்தாள். சின்ன வாடகை வீடு. வாசலில் நாச்சிமுத்துவின் செருப்பு கிடந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. கூப்பிடுவதற்குள் கதவு திறந்தது, பெரிய வயிற்றோடு பிரவீணா நின்றாள். அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

அப்போது உள்ளே சுவரில் ஒரு பல்லி சொன்னது.

துளசிமணிக்குப் 'பொறு' என்று கால் கட்டிவிட்டது. பழக்கத்தில் வந்த தயக்கம் இல்லை, நிஜமாகவே கட்டியது. திரும்பு, வீடு திறந்து கிடக்கிறது, கேஸ் மூடவில்லை, திரும்பு என்று பாதம் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொண்டன. பிரவீணா ஊரைவிட்டுப் போனது அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்பு என்பதால் அவள் நிதானம் அவள் தலையிலேயேதான் இருந்தது. அவளுக்குப் பல்லி வெறும் பல்லி. ஆனால் அம்மாவின் முகத்தில் அன்றைக்குப் பார்த்த அதே முகத்தை அவள் கண்டுகொண்டாள்.

"என்னம்மா சொல்லுது?" என்று கேட்டாள். குரலில் அத்தனை கசப்பு.

துளசிமணியின் கழுத்து அண்ணாந்து பார்க்கத் துடித்தது. கழுத்தைத் திருகிப் பிடித்து மகளின் முகத்திலேயே நிறுத்தினாள். நாக்கு புரளவில்லை, புரட்டினாள். பல்லி இன்னொரு தடவை சொன்னது. சொல்லச் சொல்லவே பேசினாள்.

"எனக்குத் தெரியாது கண்ணு. நான் அதையக் கேக்க வரல. உன்னையக் கேக்கத்தான் வந்தேன். அம்மா உள்ள வரட்டுமா?"

பிரவீணா வேண்டுமென்றே, மெதுவாக, தலையை உயர்த்தி அண்ணாந்து சுவரைப் பார்த்தாள். அன்றைக்கு அம்மா அவளைக் காக்க வைத்த அதே அளவுக்கு அம்மாவைக் காக்க வைத்தாள். துளசிமணி வாசலில் நின்றாள். அந்த நேரத்தின் நீளம் எவ்வளவு என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் அழுகை வந்துவிட்டது. மகளும் அதற்குமேல் தாங்காமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதுக்கு ஒண்ணுந் தெரியாதும்மா. வா" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

உள்ளே நாச்சிமுத்து கையில் மீன் குழம்புச் சோறோடு உட்கார்ந்திருந்தார். பல்லி சொன்ன வேகத்தில் அவருக்கும் நிதானம் திரும்பி, வீட்டு நடை, சாதி சனம், தான் சொன்ன சொல் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்து, கோபித்துக்கொண்டு எழுந்து போகலாம் என்றால் வாயில் முள்ளிருந்தது. பெண்டாட்டியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தோளில் துண்டைத் தேடினார், அது கொடியில் கிடந்தது. ஒரு குடும்பத் தலைவர் இந்த நிலைமையில் கௌரவமாகக் கேட்கக்கூடிய கேள்வி உலகத்திலேயே ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"வூட்டப் பூட்டிப்போட்டுத்தான வந்தே?" என்றார்.

"இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, துளசிமணி மகள் சோறு போட்டு வைத்த வட்டலுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.